பிளீச்சிங் பவுடரால் மகனுக்குக் காமாலை வந்ததா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. வீட்டுக் கிணறுதான் அவர்களுக்குத் தண்ணீர். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், இப்போது 5 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மோட்டார் போட்டு மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். கழிவறைக் குழி கிணற்றிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் கனமழையில் குழி நிரம்பி வழிந்தது. கிணற்று நீர் கலங்கியது, லேசாக நாற்றமும் அடித்தது. பத்து நாள் அதையே புழங்கினார்கள். அப்புறம் மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிணற்றில் இரண்டு கைப்பிடி, தொட்டியில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட ஆரம்பித்தார். சரியாக மூன்று வாரத்தில் 9 வயது மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

"தண்ணீரில் குளோரின் கலந்தால் புற்றுநோய் வரும் என்று படித்தேன். ஈரலையும் கெடுக்கும் என்றார்கள். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதனால் மகனுக்குக் காமாலை வந்த அன்றே பவுடர் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாமனாருக்குக் கோபம். சமையலறைக்கு மட்டும் ஒரு ஃபில்டர் வாங்கி வைத்திருக்கிறோம். மகன் தேறிவிட்டான். ஆனால் போன வாரம் 4 வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. நான் செய்தது சரியா?" என்று கேட்கிறார். பவுடர் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் குளியலறைத் தரையில் அதைத் தூவி, கறை போகாததால் அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றியதாகவும், தொண்டையை அடைத்து இருமல் வந்ததால் வெளியே ஓடி வந்துவிட்டதாகவும், அது குழந்தையைப் பாதித்திருக்குமோ என்றும் ஒரு பயத்தைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. அதை முடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரை நாளைக்கே பார்த்து, "வீட்டில் மகனுக்குக் காமாலை வந்தது, கிணற்றில் கழிவு நீர் கலந்திருக்கிறது" என்ற இரண்டையும் சொல்லுங்கள். மகனுக்கு எந்த வகைக் காமாலை என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தண்ணீர் வழியாக வருபவை பெரும்பாலும் இரண்டு வைரஸ்கள்: ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ. குழந்தைகள் இரண்டிலிருந்தும் பொதுவாக நன்றாக மீண்டுவிடுவார்கள். ஆனால் இ வகை கர்ப்பிணிகளிடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கடைசி மூன்று மாதங்களில் அது தொற்றிய பெண்களில் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பயப்பட வேண்டிய பொருள் உங்கள் வீட்டில் எது என்பது கடிதத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் குளோரினைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தக் கிணற்றைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

மகனின் ரத்தத்தில் இந்த இரண்டு வைரஸ்களுக்கான ஐஜிஎம் பரிசோதனை (அண்மையில் தொற்றியதா என்று காட்டுவது) செய்திருந்தால் அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். உங்களுக்குப் பசியின்மை, குமட்டல், காய்ச்சல், வழக்கத்தை மீறிய அசதி, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது இவற்றில் எது வந்தாலும், கர்ப்பத்தில் இது சகஜம்தான் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஈரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காமாலைக் கிருமி எப்போது உள்ளே போனது?

"பவுடர் போட்டோம், மூன்று வாரத்தில் காமாலை வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஹெபடைடிஸ் ஏ கிருமி வயிற்றுக்குள் போன நாளிலிருந்து நோயாக வெளியே தெரிய 15 முதல் 50 நாட்கள் ஆகும். சராசரி 28 நாள். இ வகைக்கு 2 முதல் 10 வாரம். இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். குழி வழிந்து, தண்ணீர் கலங்கி, பவுடர் எதுவும் போடாமல் புழங்கிய அந்தப் பத்து நாட்கள், காமாலை தெரிந்த நாளுக்குச் சுமார் 21 முதல் 31 நாட்கள் முன்னால் வருகின்றன. கணக்கு அங்கேதான் பொருந்துகிறது. மாமனார் பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கிருமி மகனின் உடம்புக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பவுடர் போட்ட பிறகும் தொற்றியிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படி நடந்திருந்தால், போட்ட குளோரின் போதாமல் போனதுதான் அதற்குக் காரணமாக இருக்கும். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் காமாலையை உண்டாக்குவதில்லை.

கைப்பிடி என்பது எவ்வளவு?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கைப்பிடிதான். கிணற்றின் அளவை நீங்கள் எழுதியிருந்ததால் கணக்குப் போட முடிந்தது. 2 மீட்டர் விட்டம், 5 மீட்டர் நீர் என்றால் உள்ளே இருப்பது சுமார் 15,700 லிட்டர். ஒரு கைப்பிடியை 75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கைப்பிடிக்கு 150 கிராம். நல்ல பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். அப்படியானால் கிணற்றில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. தெளிந்த தண்ணீருக்கு அது தாராளம். ஆனால் பவுடர் காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் வீரியம் இழந்துவிடும். வாய் திறந்து கிடந்த பழைய பை என்றால் 10 சதவீதம்கூட இருக்காது. அப்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமைக்கூடத் தொடாது. சேறும் கழிவும் கலந்த தண்ணீரில் அந்தக் கொஞ்சத்தை அழுக்கே தின்று தீர்த்துவிடும், கிருமியைக் கொல்ல எதுவும் மிஞ்சாது. போதாக்குறைக்குக் கிணற்றில் ஊற்று ஊறிக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டது அடுத்த ஞாயிறு வரை அங்கே காத்திருக்காது.

அதே கையால் தொட்டிக்கு வாருங்கள். 1000 லிட்டருக்கு 75 கிராம் என்றால், புதிய பவுடரில் லிட்டருக்கு 22 மில்லிகிராம் குளோரின்! குடிநீரில் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆக, ஒரே கைப்பிடி கிணற்றில் குறைவாகவும் தொட்டியில் நாலு மடங்குக்கு மேல் அதிகமாகவும் விழுந்திருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை மூக்கைத் துளைக்கும், புதன்கிழமை வாசனையே இருக்காது" என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் இதுதான். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பியதும் உங்களுக்குக் கிடைத்தது வெறும் கிணற்று நீர். வாரத்தில் ஒரு நாள் அளவுக்கு மீறிய குளோரின், மற்ற நாட்களில் பாதுகாப்பே இல்லை.

மூக்கையும் அளவுகோலாக நம்பாதீர்கள். குளோரின் கழிவில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற பொருளாக மாறும். அதுவும் நாறும், ஆனால் கிருமியைக் கொல்வதில் மிகவும் மந்தம். சில நேரம் வாடை அடிப்பதற்குக் காரணம் குளோரின் போதவில்லை என்பதாகவே இருக்கும்.

போட்டு அரை மணி நேரம் ஆன பிறகு தண்ணீரில் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை எஞ்சிய குளோரின் என்கிறோம். அரை மணி முடிவில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். குழாயில் பிடிக்கும்போது 0.2-க்குக் கீழே போகக் கூடாது. இதைப் பார்க்க டிபிடி மாத்திரை வைத்த சின்னப் பரிசோதனைப் பெட்டி கிடைக்கிறது. குழாயில் பிடித்த தண்ணீரில் மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் படித்துக்கொள்ளலாம், ஒரு நிமிட வேலை. வீட்டுக் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் காய்ச்சல்மானி மாதிரி இது ஒன்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

புற்றுநோய் பற்றி நீங்கள் படித்தது

அது முழுப் பொய் இல்லை. 1974-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த யோஹானஸ் ரூக் என்ற வேதியியலாளர், தண்ணீரில் இருக்கும் இலை தழைச் சத்துகளோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் கொஞ்சமாக உருவாவதைக் கண்டுபிடித்தார். டிரைஹாலோமீத்தேன் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். அவை அதிகமாக உள்ள நீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். குளோரோஃபார்முக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். ஈரல் கெடும் என்று உங்களிடம் சொன்னவர்களும் இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஈரலைக் கெடுக்க வேண்டுமானால் குளோரோஃபார்ம் இதைவிடப் பல மடங்கு போக வேண்டும்.

அதே நிறுவனம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறது: இந்தப் பொருள்களைக் குறைக்கிறேன் என்று கிருமி நீக்கத்தில் கை வைக்காதீர்கள். ஒரு பக்கம், வாழ்நாள் முழுவதும் குடித்தால் வரக்கூடிய ஒரு சிறு ஆபத்து. இன்னொரு பக்கம், அடுத்த சில வாரங்களில் உங்களையும் வயிற்றில் உள்ள குழந்தையையும் தாக்கக்கூடிய நோய். இரண்டும் ஒரே தட்டில் வைக்கும் எடை இல்லை. சிறு ஆபத்தையும் குறைக்க வழி இருக்கிறது: கிணற்றில் இலை குப்பை விழாமல் வலை போட்டு, கலங்கல் தெளிந்த பிறகு அளவாகக் குளோரின் சேர்ப்பது.

கர்ப்பிணி என்பதால் உங்களுக்கு ஒரு பழைய செய்தியும் சொல்லத் தோன்றுகிறது. 1847-இல் வியன்னா மகப்பேறு மருத்துவமனையில் பிரசவித்த பெண்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் எல்லோரும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூன் மாதம் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அந்தச் சுண்ணாம்பும் உங்கள் வீட்டு பிளீச்சிங் பவுடரும் ஒரே வகைப் பொருள்தான்.

இனி என்ன செய்வது

கிணறு சரியாகும் வரை, குடிக்கவும் பல் துலக்கவும் பச்சையாகச் சாப்பிடும் காய் கனிகளைக் கழுவவும் கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே பயன்படுத்துங்கள். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். ஆறியதை மூடி வையுங்கள், உள்ளே கை போகாத மாதிரி சாய்த்து ஊற்றுங்கள். கொதித்த நீரில் எஞ்சிய பாதுகாப்பு எதுவும் கிடையாது, ஒரு அழுக்குக் குவளை பட்டால் மறுபடி கெட்டுவிடும்.

கழிவறைக் குழி முதலில் சரியாக வேண்டும். அது வழிந்துகொண்டிருக்கும் வரை கிணற்றில் எதைக் கொட்டினாலும் வீண். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி என்று பொதுவாகச் சொல்வார்கள், மண்ணைப் பொறுத்து அதுவும் போதாமல் போகும். உங்களுடையது 6 மீட்டர். குழியை உடனே சுத்தம் செய்து, கசியாத தொட்டியாகக் கட்டுவதா, தள்ளி வேறு இடம் பார்ப்பதா என்று ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். செலவு பிடிக்கும், தெரியும். ஆனாலும் இது தள்ளிப்போடக்கூடிய செலவு இல்லை. பக்கத்து வீடுகளிலும் காமாலை இருக்கிறதா என்று விசாரித்து, உங்கள் பகுதி சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மகனுக்கு வந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைக்க வேண்டாம், சொன்னால்தான் மற்ற கிணறுகளையும் பார்ப்பார்கள்.

அப்புறம் கிணற்றுக்கு ஒரே ஒரு முறை பெரிய அளவில் குளோரின். கலங்கிய நீரை இறைத்து வெளியேற்றி, புதிதாக ஊறியதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும்படி கலக்க வேண்டும். கிணறு இப்போதைய அளவுக்கு ஊறியிருந்தால் 30 சதவீதப் பவுடர் சுமார் 2.6 கிலோ பிடிக்கும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றவும். குழாய்களில் குளோரின் வாடை வரும் வரை மோட்டாரை ஓட்டி, 12 முதல் 24 மணி நேரம் அப்படியே விட்டு, வாடை போகும் வரை இறைத்துக் கொட்டவும். அந்த நீரைச் செடிகளுக்கோ மீன் உள்ள குளத்துக்கோ விடக் கூடாது. இந்த வேலையில் நீங்கள் இறங்க வேண்டாம். செய்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும். யாரும் கிணற்றுக்குள் இறங்கவே கூடாது, குளோரின் வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும்.

குளோரின் முழுக்கப் போன பிறகு, சுமார் ஒரு வாரம் கழித்து, ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். 100 மில்லி நீரில் ஈகோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா, ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவு கலந்த கிணறுகளில் அது ஏறியிருக்கும். குளோரினும் கொதிக்க வைப்பதும் அதை நீக்காது, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க அந்த நீர் ஆகாது. நான்கு மாதத்தில் உங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அதன் பிறகு தினசரிக் குளோரின் கிணற்றுக்கு வேண்டாம், தொட்டிக்குப் போதும். தெளிந்த 1000 லிட்டருக்கு 30 சதவீதப் பவுடர் 7 கிராம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கரைத்துத் தெளிந்ததைத் தொட்டி நிரம்பும்போதே ஊற்றினால் நன்றாகக் கலந்துவிடும். அரை மணி கழித்து டிபிடி பார்த்து, 0.5-க்குக் கீழே இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டவும். 1-க்கு மேல் போனால் குறைக்கவும். ஒரு வாரத்தில் உங்கள் தண்ணீருக்கான அளவு கைக்கு வந்துவிடும். பவுடரைச் சிறு பொட்டலமாக வாங்கி, இறுக்கி மூடி, இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

வாங்கிய ஃபில்டர் வீண் இல்லை. ஆனால் அதிலிருக்கும் கரி குளோரினை உறிஞ்சிவிடும், வெளியே வரும் நீருக்குப் பாதுகாப்பு இருக்காது, உடனுக்குடன் பிடித்துக் குடிப்பது நல்லது. குளிக்கும்போது மகள் விழுங்கும் தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி வருவதில்லை, அது நேராகத் தொட்டியிலிருந்து வருகிறது. அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி அவளுக்குப் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். குளோரினுக்கு அசராத கிருமிகளும் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரின் கலந்த குழாய் நீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது. அதனால்தான் குளோரின் போடுவதோடு கலங்கலையும் வடிகட்ட வேண்டும் என்று சொல்கிறோம்.

குளியலறையில் நடந்தது

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நீங்கள் உடனே வெளியே ஓடியது மிகச் சரி. இருமல் நின்று, அதன் பிறகு மூச்சிரைப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு குறுகிய நேரத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் மருத்துவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள். இனிமேல் இந்த இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம், அமோனியா உள்ள சுத்தப்படுத்தும் திரவங்களோடும் பவுடரைச் சேர்க்க வேண்டாம். இந்த வாயு சில சமயம் சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். எப்போதாவது யாராவது இப்படி மூச்சு முட்டி வெளியே வந்தால், சரியாகிவிட்டது என்று படுக்கப் போகாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மாமனாரைப் பற்றிக் கடைசியாக. "ஐம்பது வருஷமா இந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறோம்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அந்த ஐம்பது வருடமும் குழி இப்படி வழியவில்லை. குளோரின் வேண்டும் என்ற விஷயத்தில் அவர்தான் சரி, அளவில்தான் தவறு. அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "மாமா, நிறுத்தச் சொன்னது என் தப்பு. இனி நீங்களே போடுங்கள், ஆனால் தராசில் நிறுத்துப் போடுங்கள்." தராசையும் டிபிடி பெட்டியையும் அவர் கையில் கொடுத்து, தினமும் அளவைச் சுவரில் ஒரு காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆய்வக முடிவும் மகனின் ரத்தப் பரிசோதனையும் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.